தாளில் 13, திரையில் 21

நான் கணினி படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். வீட்டு வைஃபையில் யார் யார் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு ராத்திரி ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 21 என்று காட்டியது. வீட்டில் இருப்பதை விரல்விட்டு எண்ணினேன். 13 தான் வந்தது. மீதி எட்டும் யாருடையது?

பயத்தில் செய்யக்கூடாததைச் செய்தேன். பட்டியலில் இரண்டு பெயர்கள் 'இஎஸ்பி' என்று தொடங்கி, பின்னால் எண்ணும் எழுத்துமாக ஒரு வாலோடு நின்றன. ஹேக்கர் என்றால் இப்படித்தான் பெயர் வைத்துக்கொள்வான் என்று முடிவுகட்டி, இரண்டையும் பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அத்தை ஹாலில் நின்று விளக்கோடு பேசிக்கொண்டிருந்தார். "நாலு தடவ சொல்லிட்டேம்மா, எரியவே மாட்டேங்குது." நான் துரத்தியடித்த ஹேக்கர்கள் எங்கள் ஹால் பல்புகள்.

அன்றைக்குத்தான் உறைத்தது. இது போலீஸ் வேலை இல்லை, நான் தினமும் செய்கிற வேலை. வங்கி ஸ்டேட்மெண்டில் ஒரு தொகை, நம் புத்தகத்தில் வேறு தொகை என்றால் நாம் திருடனைத் தேடிக் கிளம்புவதில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கிறோம். எல்லாம் டிக் ஆன பிறகு மிஞ்சுகிற ஒன்றிரண்டைத்தான் சந்தேகப்படுகிறோம். வைஃபைக்கும் அதே முறைதான்.

முதலில் உள்ளே போகும் வழி. ரவுட்டருக்கு ஆப் இருந்தால் அதிலேயே 'இணைந்த சாதனங்கள்' என்று ஒரு பக்கம் இருக்கும். ஆப் இல்லாவிட்டால் பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடிக்கவேண்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டும் திறக்கவில்லை என்றால் போனில் வைஃபை விவரத்தைத் தட்டிப் பாருங்கள், 'ரவுட்டர்' அல்லது 'கேட்வே' என்ற வரியில் இருப்பதுதான் அந்த எண். உள்ளே நுழைய ஒரு அட்மின் கடவுச்சொல் கேட்கும். இது வைஃபை கடவுச்சொல் இல்லை, இது தனி. மாற்றியதே இல்லை என்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அந்த ஸ்டிக்கரை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். வைஃபை பெயர், வைஃபை கடவுச்சொல், அட்மின் கடவுச்சொல், பல ரவுட்டர்களில் ஒரு எட்டு இலக்க பின் எண் என்று வீட்டுச் சாவிக்கொத்து முழுக்க அதில் தொங்குகிறது. ரவுட்டர் எங்கே இருக்கும்? வருகிறவர் போகிறவர் எல்லோரும் உட்காரும் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். ஸ்டிக்கரில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது வெறும் காகிதம். மாற்றாதவரை யாராவது போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

இனி பட்டியல். ஒரு நோட்டை எடுத்து இடப்பக்கம் வீட்டில் இருப்பதை எழுதுங்கள். போன், லேப்டாப் என்று நினைவிலிருந்து எழுதாமல் அறை அறையாக நடந்து எழுதவேண்டும். நான் உட்கார்ந்த இடத்தில் எழுதியதால்தான் 13 வந்தது. வலப்பக்கம் ரவுட்டர் காட்டுவதை எழுதுங்கள். பெயர், ரவுட்டர் அதற்குக் கொடுத்த ஐபி எண், அதோடு சாதனத்தின் அடையாளமான மேக் முகவரி என்று 12 எழுத்து நீளத்துக்கு இரண்டிரண்டாகப் பிரித்து ஒன்று காட்டும். மூன்றில் பெயரை நம்பவேண்டாம். அது அந்தச் சாதனம் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. என் போனுக்கு 'ஹால் டிவி' என்று பெயர் வைத்தால் ரவுட்டரும் ஹால் டிவி என்றே எழுதிக்கொள்ளும். ஐபி எண் நாளைக்கு மாறலாம். ஓரளவு பிடிமானம் தருவது மேக் முகவரிதான், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்தும் தயாரிப்பாளருக்கு ஐ.இ.இ.இ. என்ற அமைப்பு ஒதுக்கிக்கொடுத்தவை. அந்த ஆறு எழுத்தை இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். ஃபிங் மாதிரியான போன் ஆப்களும், விண்டோஸில் நிர்சாஃப்டின் வயர்லெஸ் நெட்வொர்க் வாட்ச்சரும் இந்தத் தேடலையே நமக்காகச் செய்துகொடுக்கின்றன. ஆனால் வரும் பெயர் பெட்டியின் மேல் அச்சடித்த பெயராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வைஃபை சில்லையோ அட்டையையோ செய்தவர்களின் பெயர்தான் பல சமயம் வரும். லேப்டாப்பைத் தேடினால் அஸ்யூர்வேவ் என்றோ ஹோன் ஹாய் என்றோ வரலாம். ஹோன் ஹாய் என்பது ஃபாக்ஸ்கானின் இன்னொரு பெயர், பதறவேண்டாம். பல்பு, பிளக், மோட்டார் சுவிட்ச் போன்ற மலிவான ஸ்மார்ட் பொருள்களில் பலவற்றுக்கு எஸ்ப்ரெசிஃப் என்ற சில்லு நிறுவனத்தின் பெயர் வரும். எங்கள் 'இஎஸ்பி' பல்புகளின் ரகசியமும் அதுதான்.

இப்போது அந்தக் கண்ணி. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதற்கொண்டு போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. கடைத்தெருவில் நம்மைப் பின்தொடர்ந்து கணக்கெடுக்கிறவர்களை ஏமாற்ற வந்த நல்ல ஏற்பாடுதான், ஆனால் வீட்டுக் கணக்கில் குழப்பம். இப்படி இட்டுக்கட்டிய முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. முகவரியின் இரண்டாவது எழுத்தை மட்டும் பாருங்கள். அது 2, 6, அல்லது ஆங்கில எழுத்துகளான ஏ, இ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது ஏதோ நிறுவனத்துக்கு ஒதுக்கிய முகவரி இல்லை, சாதனம் தானே போட்டுக்கொண்டது. அநேகமாகப் போன் அல்லது டேப்லெட். அதை வைத்து நிறுவனத்தைத் தேடுவது வீண். அந்தந்தப் போனிலேயே வைஃபை விவரத்தில் அது இப்போது காட்டும் முகவரி இருக்கும், அதைப் பார்த்து டிக் அடியுங்கள்.

என் எட்டு வித்தியாசத்தில் இரண்டு பல்பு போக ஆறு. எங்கள் ரவுட்டரின் இரண்டு அலைவரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர். நெட்வொர்க் பெயர் மாறினால் போன் வேறு முகவரி போட்டுக்கொள்ளும். அதனால் என் போனும் அவர் போனும் தலா இரண்டு முறை வந்திருந்தன. என் லேப்டாப் வயரில் ஒரு முகவரி, வைஃபையில் ஒரு முகவரி என்று இன்னொரு இரட்டைப் பதிவு. மூன்று தீர்ந்தது, மூன்று பாக்கி.

ரவுட்டர் பட்டியல் ஒரு நொடியின் புகைப்படம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஐபி எண்ணை ஒரு கெடு வைத்துத்தான் ரவுட்டர் கொடுக்கிறது, பல வீடுகளில் அது 24 மணி நேரம். நேற்று வந்துபோன விருந்தாளியின் போன் இன்றைக்கும் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். 'ஆன்லைன்' என்று காட்டுவதை மட்டும் எண்ணுங்கள். அதே சமயம் ரவுட்டர் ஐபி எண் கொடுத்தவற்றைக் காட்டும் டிஹெச்சிபி பட்டியல் ஒன்றை மட்டுமே பார்த்து முடித்துவிடாதீர்கள். ரவுட்டரிடம் எண் கேட்காமல் தானாக ஒரு ஐபி எண்ணை வைத்துக்கொண்டு வருகிற சாதனம் அதில் வராது. வைஃபை பகுதிக்குள் 'வயர்லெஸ் கிளையண்ட்ஸ்' என்று தனிப் பட்டியல் இருந்தால் அதுதான் உண்மையைச் சொல்லும்.

இதற்கும் மசியாதவற்றுக்கு ஒரே வழி, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. ஒரு பொருளின் சுவிட்சை அணை, ஒரு நிமிஷம் பொறு, பட்டியலைப் புதுப்பி, எந்த வரி மறைந்தது என்று பார். அலுப்பான வேலைதான். இந்த முறையில்தான் மாடியில் சோபாவுக்குப் பின்னால் செருகி மறந்துபோயிருந்த, ரவுட்டரின் சிக்னலை வாங்கி நீட்டித்துத் தருகிற வைஃபை எக்ஸ்டெண்டர் ஒரு வரி என்று தெரிந்தது. மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று என்னை நான்கு நாள் அலைக்கழித்தது. காலை ஆறரை மணி வாக்கில் வரும், ஒரு நிமிஷத்தில் போய்விடும். அணைத்துப் பார்க்க எதுவும் அகப்படவில்லை. ஐந்தாம் நாள் காலை ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டது, அந்த வரி வந்தது. மகள் எடை மெஷின் மேல் ஏறி நின்றிருந்தாள். யாராவது ஏறி நின்றால் மட்டும் விழித்து, எடையை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுகிற மெஷின்.

ஆக ஒன்று மிஞ்சியது. இரண்டாவது எழுத்து 6. பெயர் இல்லை. வீட்டில் எல்லாப் போனையும் அணைத்தும் போகவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் தரவை இழுத்துத் தள்ளியது. இதுதான் அந்நியன்.

பிளாக் பொத்தானை அழுத்தினேன். போய்விட்டது. மறுநாள் ராத்திரி இரண்டாவது எழுத்து ஏ என்று ஒன்று வந்தது. அதே நேரம், அதே இழுப்பு. இப்போதைய போன்களில் வைஃபை அமைப்பில் ஒரு சுவிட்சைத் தட்டினால் முகவரி மாறிவிடுகிறது, நம் பிளாக் பழைய முகவரியைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். சரி, தெரிந்த முகவரிகளை மட்டும் அனுமதிக்கிற வெள்ளைப் பட்டியல் போட்டால்? அதிலும் பெரிய பலன் இல்லை. வைஃபையில் தரவு பூட்டித்தான் போகிறது, ஆனால் யார் அனுப்புகிறார் என்ற மேக் முகவரி பூட்டாமல் காற்றில் போகிறது. விஷயம் தெரிந்தவன் நம் லேப்டாப்பின் முகவரியைக் காற்றிலிருந்து படித்துத் தன்னுடையதில் போட்டுக்கொள்வான். தெரியாதவனை மட்டுமே தடுக்கும், அவனுக்கோ கடவுச்சொல் தெரியாமல் இருந்தாலே போதும். நடுவில் வதைபடுவது நாம்தான், புதுப் போன் வாங்கினால் பட்டியலைத் திருத்து, விருந்தாளி வந்தால் திருத்து. பிளாக் பொத்தானை மகளின் டேப்லெட்டை ராத்திரி ஒன்பதுக்கு நிறுத்த வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையான பொத்தான்.

வந்தவனிடம் சாவி இருக்கிறது. அப்படியானால் பூட்டை மாற்றவேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

சாவி எப்படிப் போனது என்று விசாரித்தேன். அக்கா மகன் வந்திருந்தபோது, கீழ்வீட்டு நண்பன் கேட்டானாம். "நான் பாஸ்வேர்டு சொல்லவே இல்ல சித்தி. க்யூஆர் காட்டினேன், அவன் ஸ்கேன் பண்ணிக்கிட்டான்." அவன் பொய் சொல்லவில்லை, அவனைப் பொறுத்தவரை சொல்லவில்லைதான். அந்த க்யூஆர் கட்டத்துக்குள் கடவுச்சொல் அப்படியே எழுதியிருக்கிறது, எந்த ஸ்கேனரில் காட்டினாலும் படிக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல், சேமித்த வைஃபை கடவுச்சொல்லை அமைப்புப் பக்கத்திலேயே திறந்து பார்க்கலாம். விண்டோஸிலும் பார்க்கலாம். ஒருவர் போனில் ஒருமுறை போட்டுக்கொடுத்தால் அது அவர் கைக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய டேப்லெட்டை அழிக்காமல் யாருக்காவது கொடுத்திருந்தாலும் சாவியைச் சேர்த்தே கொடுத்திருக்கிறீர்கள்.

புதுக் கடவுச்சொல் எப்படி இருக்கவேண்டும்? விதிப்படி 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். நம்மில் பாதிப்பேர் வைப்பது போன் நம்பர். அதன் பலத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். டபிள்யூபிஏ2 என்ற பூட்டு முறை உள்ள நெட்வொர்க்கில் ஒரு போன் இணையும்போது ரவுட்டருக்கும் அதற்கும் நடக்கும் கைகுலுக்கலை வெளியில் நிற்பவன் பதிவுசெய்துகொள்ளலாம். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தன் கணினியில் ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். நம் ரவுட்டருக்கு எதுவும் தெரியாது, 'தவறான கடவுச்சொல்' என்று ஒரு தடவைகூட அது சொல்லப்போவதில்லை. 10 இலக்க எண் என்றால் மொத்தம் 1,000 கோடி வாய்ப்பு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் விளையாட்டுக்காக வாங்குகிற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 10 லட்சம் போட்டுப் பார்க்கும். 10,000 நொடியில் கடைசி எண் வரை முடிந்தது. மூன்று மணி நேரம்கூட இல்லை.

ஆகவே நீளம்தான் காப்பாற்றும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து, ஆங்கில எழுத்தில் அடியுங்கள், 25 எழுத்துக்குக் குறையாமல். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவது இங்கே வரம். குறளின் முதல் அடி, சாமி பெயர், குழந்தை பெயரோடு பிறந்த வருஷம் எல்லாம் வேண்டாம், அவை எல்லோருக்கும் தோன்றும். நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லிலிருந்து பூட்டுச் சாவியை உருவாக்கும் கணக்கில் நெட்வொர்க் பெயரும் கலக்கப்படுகிறது. ரவுட்டரோடு வந்த பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த அட்டவணைகள் உலவுகின்றன. நமக்கென்று ஒரு பெயர் இருந்தால் அவை உதவாது. ஆனால் வீட்டு எண்ணையோ குடும்பப் பெயரையோ அதில் வைக்காதீர்கள்.

பெயரை மாற்றினால் போன்கள் எல்லாம் புதுப் பொய் முகவரியோடு வரும் என்பதை மறக்கவேண்டாம். நோட்டின் வலப்பக்கத்தை அதற்குப் பிறகு எழுதுவது நல்லது. நான் முன்னாலேயே எழுதி, அடித்துத் திருத்தி, அந்தப் பக்கமே கிழிகிற நிலைக்கு வந்தது.

மாற்றும் வேலையை விடுமுறை நாள் காலையில் வையுங்கள், ராத்திரியில் வேண்டாம். லேப்டாப்பை ரவுட்டரோடு ஒரு வயரால் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வழியாகவே மாற்றினால் 'சேமி' அழுத்திய நொடியில் நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள், எழுத்துப்பிழையோடு அடித்திருந்தால் உள்ளே வரவும் முடியாது. அப்படி ஆகிவிட்டால் ரவுட்டரின் பின்னால் குண்டூசித் துளை மாதிரி இருக்கும் ரீசெட்டைப் பத்து நொடி அழுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இணைய இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு அழிந்துபோகலாம், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன், லேப்டாப், டிவி எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. பல்புகள்தான் உயிரை வாங்கும். அவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ஒவ்வொன்றையும் மூன்று தடவையோ ஐந்து தடவையோ அணைத்து ஏற்றி, மினுக்கத் தொடங்கியதும் ஆப்பில் புதிதாகச் சேர்க்கவேண்டும். மினுக்கிக்கொண்டிருந்த பல்பைப் பார்த்து அத்தை, "இதுக்குப் பழைய சுவிட்சே தேவலாம்மா" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடவுச்சொல்லை மாற்றிய கையோடு டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். நான் எந்தப் பொத்தானையும் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். கடவுச்சொல் அடிக்காமல் எட்டு இலக்க பின் எண்ணைச் சொல்லி உள்ளே வருவதற்கான வசதி இது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு, நல்ல பூட்டுதானே என்று தோன்றும். கடைசி இலக்கம் முதல் ஏழையும் வைத்துக் கணக்கிட்டு வருவது, அதனால் உண்மையில் 1 கோடி. இன்னும் கேளுங்கள். ரவுட்டர் இந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, முதல் நான்கு தப்பா சரியா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. பெருக்கவேண்டிய இடத்தில் கூட்டல். மொத்தம் 11,000 தடவை முயன்றால் எந்த ரவுட்டரின் பின் எண்ணும் கிடைத்துவிடும், அது கிடைத்தால் கடவுச்சொல்லையே ரவுட்டர் எடுத்துக் கொடுத்துவிடும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் வீபாக் என்ற ஆய்வாளர் இதை வெளிப்படுத்தினார். பின்னால் வந்த ரவுட்டர்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன என்றாலும், எதற்கு அந்தக் கதவு? நாம் 25 எழுத்துக்கு மெனக்கெட்டு வைத்த கடவுச்சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கதவு. இதன் இன்னொரு வடிவம், ரவுட்டரில் உள்ள பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிஷத்துக்குத் திறந்திருப்பது. வீட்டுக்கு வருகிறவர் கைக்கு எட்டுகிற பொத்தான் அது, அதையும் சேர்த்தே அணையுங்கள்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை என்று ஒரு பட்டியல் இருக்கும். டபிள்யூஇபி என்று இருந்தால் வாசலில் கதவே இல்லை என்று பொருள். அதன் ஓட்டை 2001லேயே வெளிவந்தது, 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிஷத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். 2003இல் வந்த வெறும் டபிள்யூபிஏவும் வேண்டாம். குறைந்தது டபிள்யூபிஏ2, அதிலும் ஏஇஎஸ் என்பது. 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடுங்கள். மேலே சொன்ன, கைகுலுக்கலைப் பதிவுசெய்து வீட்டில் உட்கார்ந்து உடைக்கிற வேலை அதில் பலிக்காது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்கவேண்டும். பழைய பிரிண்டர், பல்பு எல்லாம் அதில் சேராமல் அடம்பிடித்தால் இரண்டும் கலந்த முறையைப் போடலாம், ஆனால் அந்தக் கலப்பில் டபிள்யூபிஏ2 கதவும் திறந்தே இருக்கிறது, கடவுச்சொல் நீளமாகத்தான் இருக்கவேண்டும்.

எல்லாம் செய்தேன். ஒன்பது நாள் நிம்மதி. பத்தாம் நாள் ராத்திரி பதினொன்றுக்கு அதே இழுப்பு.

நோட்டை எடுத்தேன். வரி புதிது. மேக் முகவரியின் முதல் பாதி மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மேலே நான்கு வரி தள்ளி, மாடி எக்ஸ்டெண்டரின் முகவரியிலும் அதே ஆறு எழுத்து. எக்ஸ்டெண்டருக்கே இரண்டு முகவரி போல என்று நினைத்து டிக் அடிக்கப் போனவள், பேனாவை வைத்துவிட்டு மாடிக்குப் போய் அதைப் பிடுங்கினேன். இரண்டு வரியும் மறைந்தன. திரும்பச் செருகினேன், எக்ஸ்டெண்டர் வந்தது, நான்கு நிமிஷம் கழித்து மற்றதும் வந்தது.

நடந்தது இதுதான். கடவுச்சொல்லை மாற்றியபோது, மாடியில் நெட் வரவேண்டுமே என்று எக்ஸ்டெண்டருக்குள் போய்ப் புதுக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தேன். அது ரவுட்டரோடு பேசுவதற்கான கடவுச்சொல். எக்ஸ்டெண்டர் தன் பங்குக்குத் தனிப் பெயரில் ஒரு வைஃபையை வெளியே விடுகிறதே, அதன் கடவுச்சொல் பழையதுதான். முதல் நாள் இரண்டுக்கும் ஒன்றையே வைத்திருந்தோம். கீழ்வீட்டுப் பையனுக்குப் பழைய பிரதான பெயர் தெரியவில்லை, அதே பழைய பெயர் ஒரு வாலோடு மட்டும் தெரிந்தது, பழைய சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறான். முன்கதவுக்குப் புதுப் பூட்டு, கொல்லைக்கதவுக்குப் பழைய பூட்டு. வீட்டில் யாருக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம், எங்கள் போன்களும் மாடியில் அதே பழைய சாவியோடு பழையபடி இணைந்துகொண்டதுதான்.

முகவரி ஒத்துப்போனதன் காரணம் பிறகு புரிந்தது. சில எக்ஸ்டெண்டர்கள் தன் வழியாக வருகிற சாதனத்தின் முகவரியை அப்படியே அனுப்புவதில்லை, முதல் பாதியைத் தன்னுடையதாக மாற்றி அனுப்புகின்றன. மகளின் டேப்லெட் மாடிக்குப் போனால் வேறு ஆளாக வந்ததும் இதனால்தான். ஒரே முதல் பாதியோடு இரண்டு மூன்று வரி தெரிந்தால் அவற்றை ஒரே பொருள் என்று டிக் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு இடைத்தரகர் இருக்கிறார் என்று பொருள். எக்ஸ்டெண்டர், பழைய ரவுட்டரை இரண்டாவது கருவியாகப் போட்டிருப்பது, வைஃபை டைரக்ட் திறந்திருக்கும் பிரிண்டர் என்று வீட்டில் வைஃபை பெயர் விடுகிற ஒவ்வொன்றும் ஒரு கதவு. போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, பலமாகத் தெரிகிற பெயர்களை எழுதிப் பாருங்கள்.

இனி விருந்தாளிகள். கேட்டால் இல்லை என்று சொல்ல நம்மால் முடியாது. அதற்குத்தான் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறது. தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் வருகிறவர் இணையத்துக்குப் போகலாம், நம் லேப்டாப்பையும் பிரிண்டரையும் தொடமுடியாது, உள்நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் பெட்டியில் மட்டும் டிக் இருக்கக்கூடாது. வந்தவர்கள் போனதும், அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும், ஒரு பல்பும் மினுக்கவேண்டியதில்லை. நான் பல்புகளையும் எடை மெஷினையும் இப்போது அதற்கு நிகரான இன்னொரு தனிப் பெயரில் தள்ளிவிட்டேன். என் ரவுட்டரில் அந்த வசதி இருந்தது. இல்லாதவர்கள் கெஸ்ட்டிலேயே வைக்கலாம், ஆனால் போன் அதே நெட்வொர்க்கில் இருந்தால்தான் பேசுவேன் என்கிற பொருள்கள் சில உண்டு, அவை அங்கே வேலை செய்யாது.

நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பதைப் பலரும் யோசனையாகச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். மறைத்த பெயரைத் தேட நம் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும், கேட்கத் தெரிந்தவனுக்கு அது ரகசியமே இல்லை.

ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மெண்ட்' என்பதை அணையுங்கள், ரவுட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பைத் தானாக நடக்கும்படி வையுங்கள். பூட்டைத் திறக்கிறவன் சாவியால்தான் திறக்கவேண்டும் என்றில்லை, பூட்டின் ஓட்டை வழியாகவும் வரலாம். 2017இல் டபிள்யூபிஏ2இன் கைகுலுக்கலிலேயே கிராக் என்ற ஓட்டையை மேத்தி வான்ஹோஃப் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தியபோது, அடைத்தது புதுப்பிப்புகள்தான், கடவுச்சொல் மாற்றியவர்களுக்குப் பயனில்லை. கடைசியாக, ஆப்பில் 'புதுச் சாதனம் இணைந்தால் அறிவி' இருந்தால் போட்டுவிடுங்கள். முதல் வாரம் சும்மா சும்மா கத்தும், பிறகு மாதக்கணக்கில் வாய் திறக்காது.

மாதக் கடைசியில் மற்ற கணக்குகளோடு இதையும் பார்க்கிறேன், கால் மணி நேரம் ஆகிறது. எக்ஸ்டெண்டரைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஒரு வயர் இழுத்தாகிவிட்டது. போன வாரம் அக்கா மகன் வந்தான். சுவரில் ஒட்டியிருக்கும் கெஸ்ட் க்யூஆரைக் காட்டினேன். ஸ்கேன் செய்துவிட்டு, "சித்தி, இது ஸ்லோவா இருக்கே?" என்றான். வேகத்துக்கு நான்தான் அளவு வைத்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.